ஜியாலஜி லேப் சரஸ்வதி பூஜை

சுடலைக்கண்ணு மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது. அவர் ஜியாலஜி லேப் அட்டெண்டர். சரஸ்வதி பூஜைக்கு லேபைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கட்டுமா என்று மேரிராணி மிஸ்ஸிடம் முறையாகக் கேட்டார். அவளும், தாராளமாகச் செய்யுங்க அண்ணாச்சி, லீவு முடிஞ்சு வந்த மறுநாளே கமிட்டி வருது, சுத்தமாக இருந்தால் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, லீவுக்குக் காமநாயக்கன்பட்டிக்கு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். போன வருஷம் மைக்ராஸ்கோப்புக்கும் தராசுக்கும் மட்டும் பொட்டு வைத்தார். இந்த வருஷமும் அப்படித்தான் என்று அவள் நினைத்தாள். கமிட்டி வருகிறதே என்று அவர் ஒரு படி கூடுதலாகச் செய்வார் என்று யார் கண்டது.

லீவு முடிந்து காலையில் மேரிராணி லேப் கதவைத் திறந்தாள். ஒரு நிமிஷம் கோயிலுக்குள் வந்துவிட்டோமோ என்று இருந்தது. அலமாரித் தட்டுகளில் வரிசையாக அத்தனை கல்லும் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். கல்லுக்கு நெற்றி எது என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தாரோ. ஒவ்வொரு கல்லிலும் பேரெழுதிப் பசை போட்டு ஒட்டியிருந்த சீட்டு மட்டும் ஒன்றில்கூட இல்லை.

"அண்ணாச்சி, சீட்டெல்லாம் எங்க?"

"பயப்படாதீங்க மிஸ். ஒண்ணுகூடத் தொலையல. அண்டாவுல சவுக்காரத் தண்ணியில ஊறப் போட்டேன், அதுவாக் கழண்டு வந்துட்டு. எல்லாத்தையும் வெயில்ல காய வச்சு, குங்கும டப்பாவுல பத்திரமா வச்சிருக்கேன். எது எதுக்குன்னு நீங்க சொன்னா இப்பமே ஒட்டித் தாரேன்."

மேரிராணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கமிட்டி எதற்கு வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி ஜியாலஜி ஆரம்பித்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. தலைவராக இருந்தவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, இருபத்தொன்பது வயது மேரிராணி தலையில் டிபார்ட்மெண்ட் விழுந்தது. சேருகிற பிள்ளைகள் குறைவு. இதைத் தொடரலாமா மூடலாமா என்று பார்த்துப் போகத்தான் பல்கலைக்கழகத்தில் இருந்து ஆள் வருகிறார்கள். மூடிவிட்டால் ரெண்டாம் வருஷப் பிள்ளைகளை வேறு பாடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மேரிராணியை எங்கே மாற்றுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

வருவதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். இந்தப் படிப்பை முடித்து வெளியே போகிற பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்ய வர வேண்டும், அதை நோக்கங்களாக எழுதித் தருக என்று. மேரிராணி உட்கார்ந்து பதினோரு நோக்கம் எழுதினாள். நாட்டின் கனிம வளம், நிலத்தடி நீர், அறிவியல் மனப்பான்மை என்று படிக்கிறவர்கள் எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. முதல் வரி மட்டும் எளிமையானது. கையில் கொடுக்கிற கல்லையும் கனிமத்தையும் சோதித்து, இன்னதென்று இனம் காண வேண்டும்.

இப்போது பாருங்கள், அந்த முதல் வரியிலேயே வந்து இடித்துவிட்டது.

பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் வருஷத்தில் மொத்தமே ஒரு பெஞ்சு கொள்ளுகிற அளவுதான். கடம்பூர் பேபி முதலில் எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சொர்ணத்தாய் எல்லாக் கல்லையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, மிஸ், அந்த மைக்கறைக் கல்லு எங்க என்றாள். எலி கடித்த சீட்டுக் கல்லு எங்க என்றாள் இன்னொருத்தி. அப்போதுதான் மேரிராணிக்கு ஒரு விஷயம் விளங்கியது. இவர்களுக்குக் கல் தெரியவே தெரியாது. கறை தெரியும், சீட்டு கிழிந்த விதம் தெரியும், பசை வழிந்த தடம் தெரியும். மைக்கறை பட்டது ஹார்ன்பிளெண்ட், எலி கடித்த சீட்டு ஃபெல்ஸ்பார் என்று ஒவ்வொரு வருஷமும் மேல் வகுப்பு கீழ் வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அதை வைத்தே எல்லாரும் பிராக்டிகலில் மார்க் வாங்கிப் பாஸ் பண்ணியிருக்கிறார்கள்.

"இப்ப என்னட்டி செய்யப் போறீங்க?" என்று கேட்டாள் மிஸ்.

வெயிலம்மாள், எட்டயபுரம் பக்கத்துப் பிள்ளை, மெதுவாகச் சொன்னாள். "ஆசிட் இருக்கு, ஆணி இருக்கு, காந்தம் இருக்கு. புஸ்தகத்துல போட்டிருக்கபடி ஒவ்வொண்ணாச் செஞ்சு பாத்துருவோம் மிஸ். வேற என்ன வழி."

அன்றைக்கு அந்த லேபில் நடந்த கூத்தை ஊரே கேட்டிருக்கும். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு தட்டை எடுத்தார்கள். நகத்துக்கே கீறல் விழுந்தது ஜிப்சம். கையில் எடுத்ததும் மணிக்கட்டைக் கீழே இழுத்தது கலீனா. காந்தத்தைக் கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டிக்கொண்ட மேக்னடைட்டைப் பார்த்துச் சொர்ணத்தாய், இவிய மாமியார் வீட்டைக் கண்டுட்டாவ என்றாள். பீங்கான் தகட்டில் தேய்த்தால் கருப்புக் கல் செங்கல் நிறத்தில் கோடு போட்டது. மூன்று வருஷமாக மனப்பாடம் பண்ணி எழுதியதுதான், கண்ணால் பார்த்ததும் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் பேர் தேறத் தேற, டப்பாவில் இருந்து சீட்டை எடுத்துச் சுடலைக்கண்ணு நூலில் கட்டிவிட்டார். இந்தத் தடவை பசை வேண்டாம் என்று மிஸ் சொல்லியிருந்தாள்.

மத்தியானம் ஒரு சீட்டு மிஞ்சியது. இந்துப்பு. கல்லைக் காணோம்.

களவு போயிட்டு மிஸ் என்று பதறினார் சுடலைக்கண்ணு. பூட்டு உடையவில்லை, ஜன்னல் கம்பி நெளியவில்லை, எலுமிச்சங்காய் அளவுக் கல்லை யார் எடுத்துக்கொண்டு போவார் என்று ஆளாளுக்கு யோசித்தார்கள். பேபி போய் மூலையில் இருந்த அண்டாத் தண்ணியில் விரலை முக்கி நாக்கில் வைத்தாள்.

"அண்ணாச்சி, கல்லு எங்கயும் போவல. இங்கனதான் இருக்கு."

சிரித்துச் சிரித்து மேரிராணிக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. நாளைக்கு என்ன ஆகும் என்பதே அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு மறந்து போனது.

கடைசியாக ஒரே ஒரு கல்லை மட்டும் அவர்கள் சோதிக்கவில்லை. அதன் ஓரம் மூக்கு ஒடிந்த மாதிரி பெயர்ந்திருக்கும். சவுக்காரத்தில் கறை போகும், ஒடிந்த மூக்கு போகுமா. மூக்கொடிஞ்சது சுண்ணாம்புக்கல் என்று அத்தனை பேருக்கும் தெரியும். மேரிராணிக்கே தெரியும், அவளுக்கு முன்னால் இருந்தவரும் அதை அப்படித்தான் சொன்னார். சீட்டைக் கட்டி வைத்துவிட்டு எல்லாரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

மறுநாள் விடியும் முன்னே மழை தூறிவிட்டது. கமிட்டி ஆட்கள் ரெண்டு பேரும் கேட்டில் இருந்து கரிசல் மண்ணில் நடந்து வந்ததில், ஷூவுக்குக் கீழே மண் அப்பி அப்பி ரெண்டு விரற்கடை உயரம் கூடியே வந்து சேர்ந்தார்கள். சுடலைக்கண்ணு குச்சி எடுத்து வந்து கொடுத்தார். பல்கலைக்கழக அதிகாரி சங்கரபாண்டி வாசல்படியில் நின்று ஷூவைச் சுரண்டிக்கொண்டே, இங்க பூராவும் களிமண்ணாத்தான இருக்கு, கல்லு படிக்க எதுக்கு இங்க வரணும் என்று சிரிக்காமல் கேட்டார். கூட வந்தவர் பேராசிரியர் எபநேசர். நரைத்த தலை, அதிகம் பேசாத மனுஷன். போன வருஷம் பிராக்டிகலுக்கு வெளியில் இருந்து வந்த எக்ஸாமினர் அவர்தான். மேரிராணி நோக்கங்கள் எழுதிய தாளை அவரிடம் நீட்டினாள்.

அவர் பதினோரு நோக்கத்தையும் வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எழுந்து அலமாரிப் பக்கம் போனார். சந்தனப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், ஒரு கல்லைக் கையில் எடுத்தார். மூக்கொடிஞ்சது.

வெயிலம்மாளைக் கூப்பிட்டார். இது என்ன என்றார். சுண்ணாம்புக்கல் சார் என்றாள். எப்படித் தெரியும் என்றார்.

"ஆசிட் விட்டா நுரைக்கும் சார்."

"விடு, பாப்போம்."

வெயிலம்மாள் ஆசிட்டை எடுத்து ஒரு சொட்டு விட்டாள். சொட்டு கல்மேல் மழைத்தண்ணி மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்னொரு சொட்டு விட்டாள். அதுவும் சும்மா இருந்தது. சங்கரபாண்டி பேனாவை மூடிப் பையில் செருகினார். மேரிராணி ஒரு அடி முன்னால் வந்தாள். எபநேசர் அவளைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். அவள் அங்கேயே நின்றாள்.

"என்னம்மா சொல்லுத?"

"இது சுண்ணாம்புக்கல் இல்ல சார்."

"சீட்டுல அப்படித்தான போட்டிருக்கு."

"சீட்டு தப்பு சார்."

"உங்க மிஸ் கட்டுனதுல்லா?"

வெயிலம்மாள் மிஸ்ஸை ஒரு பார்வை பார்த்தாள். "மிஸ்ஸும் தப்பு சார்."

மேரிராணிக்கு அழுகை வருமா சிரிப்பு வருமா என்று தெரியவில்லை. அப்போ இது என்ன என்று கேட்டார் எபநேசர். தெரியல சார், பாத்துச் சொல்லுதோம் என்றாள் அந்தப் பிள்ளை. சொன்னதோடு கல்லை அவர் கையில் இருந்து வாங்கிக்கொண்டாள். மற்றவர்களும் பெஞ்சை விட்டு எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். நேற்று ஒரு நாள் பழகிய பழக்கம், கமிட்டி நிற்கிறது என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. குவார்ட்ஸா இருக்குமோ என்றாள் ஒருத்தி. ஆணியை வைத்துக் கீறு, குவார்ட்ஸ்னா கீறாது என்றாள் சொர்ணத்தாய். கீறினார்கள். கீறல் விழுந்து, வெள்ளைப் பொடி பீங்கான் தகட்டில் உதிர்ந்தது. அப்போ குவார்ட்ஸ் இல்லை. ஜிப்சமாகவும் இருக்க முடியாது, நகத்துக்கு மசியவில்லை. ஆளாளுக்குப் பேசினார்கள். ஆசிட் குழாயைப் பிடித்திருந்த பேபியின் கையை யாரோ தட்ட, ஒரு சொட்டு தகட்டில் விழுந்தது.

"ஏட்டி, இங்க பாருங்கட்டி. நுரைக்குது."

எல்லாத் தலையும் குனிந்தது. பொடிமேல் சின்னச் சின்னக் குமிழி, அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக எழும்பியது. கல்லின் மேல் விட்டால் சும்மா இருக்கிறது, பொடியில் விட்டால் நுரைக்கிறது. வெயிலம்மாள் நம்பவில்லை. தகட்டைத் துடைத்துவிட்டு மறுபடி பொடி எடுத்தாள், மறுபடி விட்டாள். மறுபடியும் குமிழி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டோலமைட் சார். சுண்ணாம்புக்கல்லுக்குத் தங்கச்சி முறை. பொடியாக்குனாத்தான் ஆசிட்டுக்கு அசையும். நிச்சயம்னு கேட்டீங்கன்னா, இன்னும் ரெண்டு சோதனை செஞ்சுட்டுத்தான் சொல்லுவேன்."

எபநேசர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை இறுகியிருந்த முகம் தளர்ந்து, வாய்விட்டுச் சிரித்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். போன வருஷப் பரீட்சையிலும் இந்தக் கல்லைத்தான் வைத்தாராம். ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லாரும் சுண்ணாம்புக்கல் என்று எழுதியிருக்கிறார்கள், ஒரே மாதிரி, காரணத்தையும் ஒரே மாதிரி. ஒருத்திகூட ஆசிட் பாட்டிலைத் தொடவில்லை. இது படிப்பு இல்லை, மூடிவிடலாம் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டாராம்.

"மூடணும்னுதான் இன்னைக்கு ரயில் ஏறுனேன்மா," என்றார் மேரிராணியிடம். "ஒரு வருஷத்துல என்ன செஞ்சீங்க இவியள?"

மேரிராணி பொய் சொல்லத் தெரியாதவள். நான் ஒன்றும் செய்யவில்லை சார், எங்க அட்டெண்டர் பூஜைக்குக் கல்லைக் கழுவிட்டார் என்றாள். அவருக்குப் புரியவில்லை. அண்டா, சவுக்காரம், குங்கும டப்பா என்று முழுக்கதையையும் சொன்னாள். இந்துப்புக் கதை வந்ததும் சங்கரபாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. சுடலைக்கண்ணு கதவுக்கு வெளியே நின்று, தன்னைத் திட்டுகிறார்களா புகழுகிறார்களா என்று தெரியாமல் துண்டைத் தோளில் இருந்து எடுப்பதும் போடுவதுமாக இருந்தார். எபநேசர் அவரை உள்ளே கூப்பிட்டு, எல்லாக் காலேஜுக்கும் உங்களை ஒரு தடவை அனுப்பணும் என்றார்.

சங்கரபாண்டி பேனாவை மறுபடி எடுத்தார். அவர் கணக்கு வேறு. பிள்ளைகள் குறைவுதானே, பதினோரு நோக்கம் எழுதியிருக்கிறார்களே, ரிப்போர்ட்டில் நான் என்னவென்று எழுத என்று கேட்டார்.

எபநேசர் அந்தத் தாளை எடுத்து இன்னொரு தடவை வாசித்தார்.

"முதல் வரி நடக்குதுன்னு எழுதுங்க. நான் கண்ணால பாத்தேன். மிச்சம் பத்தும் நடக்குதான்னு பாக்க மூணு வருஷம் வேணும்னு எழுதுங்க."

"மூணு வருஷமா?"

"பத்து நோக்கம்லா. அவசரப்பட முடியுமா?"

சங்கரபாண்டி எழுதினார். எபநேசர் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகள் கைதட்டலாமா கூடாதா என்று மிஸ் முகத்தைப் பார்த்தார்கள். மேரிராணியே முதலில் தட்டிவிட்டாள்.

அவர்கள் ரெண்டு பேரையும் ரயிலுக்கு அனுப்பிவிட்டு அவள் திரும்பி வந்தபோது, லேபில் ஒரு சீட்டுகூடக் கல்லில் இல்லை. நூலெல்லாம் அறுத்துப் போட்டுக் கிடந்தது. மூக்கொடிஞ்சதே தப்பென்றால் மற்றதை எப்படி நம்புவது, நேற்றுப் பார்த்ததையும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று வெயிலம்மாள் சொல்லியிருக்கிறாள். ஃபெல்ஸ்பாருக்காகப் பேபிக்கும் சொர்ணத்தாய்க்கும் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. யார் சொல்வது சரி என்று ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் மிஸ்ஸைக் கேட்டார்கள்.

மேரிராணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்கும் தெரியலட்டி, அந்த ஆணியை இங்கன கொடு என்றாள்.