தீபாவளிக்கு முந்தின ஞாயிறு

ஊருக்கெல்லாம் லீவு என்றால் அஃப்ஸர் ஜஹானுக்கு வேலை என்று அர்த்தம். அக்டோபர் பிறந்ததும் ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி, விஜயதசமி, தீபாவளி என்று காலண்டரில் சிவப்பு எழுத்து வரிசை கட்டிவிடும். அந்த வருஷம் காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒரே தேதியில் விழுந்து ஒரு லீவை முழுங்கிவிட்டன என்று பொருமிக்கொண்டே ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்கள் ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தீபாவளிக்கு முன்னால் கைக்கு வந்துவிடும் என்று அத்தனை பேருக்கும் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். சொன்ன நாள் தவறாத டெய்லர் என்ற பெயர் ஒன்றுதான், புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்த சொத்து.

எல்லாத் துணியையும் வெட்டி முடித்த அன்றைக்கே மழையில் வாசற்படி வழுக்கியது. வேலூருக்குப் போய் வலது கையில் மாவுக்கட்டோடு திரும்பினாள். சீசன் நேரத்தில் இன்னொருத்தி வெட்டிய துணியை எந்த டெய்லரும் தொட மாட்டார். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு காலை, துணிகளைத் திருப்பிக் கொடுக்க இடது கையால் பை பையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் ரெடிமேட் கடைக்குப் போகிறவர்கள் அடுத்த வருஷம் ஏன் இங்கே வரப் போகிறார்கள்?

முதலில் வந்தவள் எழிலரசி. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற லைனில் வேலை, ஆனியில்தான் கல்யாணம். தலை தீபாவளி ரவிக்கை வாங்க வந்தவள், கட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது? போன் பண்ணக் கூடாதா?"

"போன் பண்ணி இன்னாடி சொல்றது? வெட்டின துணி அப்டியே கெடக்குது. எட்த்துக்கினு போயிடு. என்ன மன்னிச்சிடு."

"வெட்டியாச்சில்ல? தைக்கிறதுதானே பாக்கி? நாங்க தோலையே தைக்கிறோம், துணி இன்னா பெரிய விஷயம்?"

தோல் வேறு, ரவிக்கை வேறு என்று அஃப்ஸர் ஜஹான் எவ்வளவோ சொன்னாள். யார் கேட்டது! எழிலரசி போன் போட்ட கொஞ்ச நேரத்தில் அவள் லைனிலிருந்து நாலு பேர் வந்து இறங்கினார்கள். அதில் தபஸ்ஸும் என்பவள் தன் வீட்டு மெஷினையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மற்ற மூவரின் பெயர் அஃப்ஸர் ஜஹானுக்குத் தெரியாது. பண்டிகைக்கு முன்னால் கிடைத்த ஒரே லீவு நாள் அது. அவரவர் வீட்டில் மாவு அரைக்காமல் கிடந்தது.

அப்புறம் அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. ஒருத்தி தோல் தைக்க மிதிக்கிற மிதியை மிதித்து ஊசியை உடைத்தாள். மாற்றிக் கொடுத்தால் அதையும் உடைத்தாள். இன்னொருத்தி கோணிப்பைக்குப் போடுகிற மாதிரி நீள நீளமாகத் தையல் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து கத்திக் கத்தியே அஃப்ஸர் ஜஹானுக்குத் தொண்டை கட்டிப் போயிற்று. ஆனால் மத்தியானத்துக்குள் கை பழகிவிட்டது. ரவிக்கைகள் மளமளவென்று இறங்கின.

அப்போதுதான் அது நடந்தது. எழிலரசியின் பட்டு ரவிக்கையைத் தைத்து முடித்த மூன்றாமவள், மூக்குத்திக்காரப் பெண், உள்ளே விட்டிருந்த மடிப்பைக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யா அல்லா! இன்னாடி பண்ற?"

"ஓரத்துல நீட்டிக்கினு இருந்துச்சுக்கா. ட்ரிம் பண்லன்னா ரிஜக்ட் ஆயிடுமே..."

"அது செருப்புக்குடி! ஒடம்பு பூசுனா பிரிச்சி வுடறதுக்கு வெச்ச துணி அது! தலை தீபாவளி ரவிக்கையப் பாழ் பண்ட்டியே! எழுந்துரு, எல்லாரும் எழுந்து போங்க!"

மூக்குத்திக்காரி விசும்பினாள். மெஷின்கள் நின்றன. எழிலரசி ரவிக்கையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள், போட்டுக்கொண்டு வந்தாள். அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

"இப்ப சரியா இருக்குதில்ல? கொழந்த பொறந்து குண்டானா இது பத்தாது, அவ்ளோதானே? அப்ப வேற துணி எட்த்துக்கினு உன்கிட்டயேதான்க்கா வரப்போறேன்."

இத்தனை நாளாக அஃப்ஸர் ஜஹானைப் பிசைந்துகொண்டிருந்த பயம் அந்த ஒரு வார்த்தையில் விட்டுப்போனது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நின்னுக்கினு இன்னா பாக்குறீங்க? ஹூக் யார் வெப்பா?" என்று அதட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் கடைசி ரவிக்கையும் போய்ச் சேர்ந்தது. வந்தவர்களும் டீயைக் குடித்துவிட்டு அவசர அவசரமாகக் கிளம்பிவிட்டார்கள். பெயர் கேட்க மறந்தது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

மாலைத் தொழுகை முடித்து துஆ கேட்க உட்கார்ந்தாள். இரண்டு கையையும் ஏந்த முடியவில்லை, ஒன்றை ஏந்தினாள். தனக்கென்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை, நெஞ்சு அப்படி நிறைந்திருந்தது. எழிலரசிக்கும் தபஸ்ஸுமுக்கும் பெயர் சொல்லிக் கேட்டாள். பிறகு ஊசியை உடைத்தவளுக்கு, நீளத் தையல் போட்டவளுக்கு. அல்லாவுக்கு ஆள் தெரியாமலா போகும்? மடிப்பை நறுக்கியவளுக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாகவே கேட்டாள்.