பின்சக்கரத்தின் ஆட்டம்

பெத்துராஜ் என் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். 'டொக்' என்றது. மறுபடி ஆட்டினார், மறுபடி டொக். என் மனைவி கமர்நிசா அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை முறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

நான்கு மாதமாக அவள் இந்த வண்டியில் ஏறுவதில்லை. போடிமெட்டு வளைவு ஒன்றில், பின்பக்கம் வாலாட்டுகிறது என்று அவள் சொன்னதற்கு, "நீ ஒழுங்கா உக்காந்தா ஏன் ஆடுது?" என்று கேட்டுவிட்டேன். அங்கேயே இறங்கினாள். பின்னால் வந்த பஸ்சைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து பூப்பாறையில் எங்கள் ஏலத்தோட்டத்துக்கு அவள் பஸ்சில், நான் வண்டியில். இருபது வருஷமாக முதுகுக்குப் பின்னால் கேட்ட பேச்சு இல்லாமல் அந்த மலைப்பாதையே எனக்குப் பிடிக்காமல் போனது.

வண்டி, மூணாறில் ஒரு எஸ்டேட் மேனேஜரிடம் வாங்கிய வெளிநாட்டுச் சரக்கு. செயின் கிடையாது. இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்ட், பின்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைக்குள்ளேயே ஓடுகிறது. அந்தக் கை சேஸில் வந்து மாட்டுகிற இடத்தில் பக்கத்துக்கு ஒரு பேரிங். போடியில் இதைக் கழற்றிப் பார்த்தவர் யாரும் இல்லை. பெத்துராஜ் ஜீப் மெக்கானிக். இவ்வளவு நாள் இதை என் கண்ணில் காட்டவில்லையே என்று கேட்பவர்போல் ஆசையாகக் கழற்றினார்.

பேரிங்கின் வெளிவளையத்தைத் துடைத்து வெயிலில் காட்டினார். உள்ளே வரிவரியாகப் பள்ளம்.

"சக்கரத்துப் பேரிங்குன்னா முழுசாச் சுத்தும் பாய். இது இம்புட்டுத்தான் ஏறி எறங்கும். ஒரே எடத்துல இடிச்சு இடிச்சுக் குழிச்சிருச்சு."

கமர்நிசா வளையத்தை வாங்கி, நகத்தால் ஒவ்வொரு பள்ளமாகத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப நான் ஆடலைண்ணே," என்றாள், பெத்துராஜிடம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேரிங் நம்பரைக் குறிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மதுரையிலிருந்து புதுப் பேரிங் வந்தது. தோட்டத்து ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறும் ஜீப்புகளுக்கு முறுக்கிப் பழகிய பெத்துராஜின் கை, இதன் போல்ட்டையும் அதே பழக்கத்தில் இறுக்க முறுக்கிவிட்டது. இரும்புக் கையைத் தூக்கிவிட்டால் விழாமல் அந்தரத்தில் நின்றது.

"அட, இது ஜீப்பு இல்லைல்ல!" என்று பெத்துராஜ் தலையில் தட்டிக்கொண்டார். கொஞ்சம் தளர்த்துவார், தூக்கி விடுவார், பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பார். தன் கனத்திலேயே கீழே இறங்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் அசையக் கூடாது. அந்த இடம் அகப்பட ஒரு மணி நேரமானது. கமர்நிசா கடைசிவரை பக்கத்திலேயே குத்தவைத்திருந்தாள்.

"தங்கச்சியை ஏத்திக்கிட்டுப் போடிமெட்டுக்குப் போய்ட்டு வாங்க பாய்."

"மொதல்ல என் எடைக்கு ஒரு மூட்டையக் கட்டிக்கிட்டுப் போகட்டும். நான் பஸ்சுல பின்னாடியே வந்து பாக்குறேன்," என்றாள்.

எங்கள் ஏலக்காய்க் கடைக்குப் போய், தோட்டத்துக்கு வைத்திருந்த உரமூட்டையில் கை வைத்தேன்.

"உரம்னா விழுந்தாலும் தட்டிவிட்டு எந்திரிச்சு வந்துருவீங்க. காயக் கட்டுங்க. வெலை கூடின எட்டு மில்லிக் காய்," என்றாள் கமர்நிசா.

ஏலக்காய் எப்போதும் மலையிலிருந்து கீழேதான் வரும். மேலே போகிற மூட்டையைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நானும் சிரித்துத்தான் கிளம்பினேன். முதல் வளைவில் சிரிப்பு போய்விட்டது. பின்னால் பஸ்சின் முகப்பு, முன்சீட்டில் அவள். அவள் இறங்கிய வளைவு வந்தது. சாய்த்தேன். பின்சக்கரம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கூடவே வந்தது.

பஸ் ஹாரன் அடித்தது. ஒதுங்கினேன். பஸ் முந்திப் போய் நின்றது. அவள் இறங்கி வந்தாள்.

"எம்மேலதான் தப்பு," என்றேன். நான்கு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது.

அவள் மூட்டைக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பஸ்சில் ஏற்றினோம்.

"அக்கா, இதுக்கு டிக்கெட்டு?" என்றார் கண்டக்டர்.

"பூப்பாறைக்கு நான் எடுத்தது இருக்குல்ல? அது போகட்டும்."

பஸ் கிளம்பியது. அவள் என் பின்னால் ஏறிக்கொள்ள, நாங்களும் அதன் பின்னாலேயே கிளம்பினோம். அடுத்த வளைவில் பஸ் திரும்பும்போது தெரிந்தது, அவளுடைய முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடி வழியே மலையைப் பார்த்துக்கொண்டு போகிற காய்மூட்டை.