இந்த வாரத்து ரெஸ்லிங் எப்படி இருந்தது

இருந்தவர்கள் ஐந்து பேர், அதை முதலில் எழுதிவிட வேண்டும், தம்பி ஜீவராஜ் அப்படித்தான் கேட்டிருக்கிறான், யார் யார் இருந்தாங்க, எங்கெங்க ஒக்காந்திருந்தாங்க, அத மொதல்ல எழுதிட்டு அப்புறம் ரெஸ்லிங்க எழுதுங்கண்ணே என்று, நாலு வருடத்துக்கு முன் சிறையிலிருந்து வந்த அவனுடைய முதல் கடிதத்திலேயே... ஆகவே ஒன்று, அம்மா, கட்டில் விளிம்பில், ஜன்னல் பக்கம், கம்பளியைக் காலில் போட்டுக்கொண்டு. இரண்டு, என் மனைவி சுலக்ஷனா, அடுப்படி வாசலில் பலகை போட்டு, மடியில் சுளகு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு. மூன்று, அடுத்த வீட்டுக் கந்தப்பன் மாமா, தரையில், டீவிக்கு இரண்டு முழத்தில், கண் மங்கல் என்பதால் அந்த இடம் அவருக்கு. நாலு, ஹஸ்ஸான், டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மஃறூப் நானாவின் மகன், பிளாஸ்டிக் கதிரையில், இவன் புதிது, லொறி விபத்து வழக்கில் ஜீவராஜ் இருக்கிற அதே சிறையில் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் பிணையில் வந்திருக்கிறான், மகனைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அம்மாதான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். ஐந்து, நான், சிவசாமி, மேசையோரம், கொப்பியும் பேனையும். ஞாயிறு பின்னேரம் நாலு மணி, தோட்டத்து லயத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்துக்கு மேலாக டீவியைக் கூட்டி வைத்திருக்கிறோம்... இதுவரை சரி. இனி எழுத வேண்டியது இரண்டு. ஒன்று ரெஸ்லிங். மற்றது புதன்கிழமை, அவனுடைய வழக்கைப் பேசுகிற லோயர் ஐயா போனில் சொன்னது, மேன்முறையீடு தள்ளுபடி, இனி மேலே போக வழியில்லை, இன்னும் எட்டு வருடம் அவன் உள்ளேதான். தீர்ப்புப் பத்திரம் சிறைக்குப் போய்ச் சேர நாள் எடுக்கும், அதற்கு முந்தி நீங்களே பக்குவமாக எழுதிவிடுங்கள் என்றார். பக்குவமாக... அம்மாவுக்கே இன்னும் சொல்லவில்லை, தீபாவளிக்கு அவன் வந்துவிடுவான் என்று பெட்டியிலிருந்த அவனுடைய சட்டைகளை எடுத்து நேற்றுத்தான் துவைத்துப் போட்டாள், இந்த மழைக்கு அவை இன்னும் காயவில்லை, அடுப்புக்கு மேலே தொங்குகின்றன.

மணி நாலு ஐந்து, தொடங்கிவிட்டது, தங்கப் பட்டி கட்டியவன் வந்தான், வந்து மைக்கைப் பிடித்தான், பிடித்தவன் விடவில்லை, பதினொரு நிமிடம் பேசினான், நான் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்தேன், அவன் பேசுவது எங்களில் யாருக்கும் விளங்காது, கீழே ஓடுகிற சிங்கள எழுத்தை சுலக்ஷனா மட்டும் எழுத்துக் கூட்டி வாசிப்பாள், இன்றைக்கு அவளும் நிமிரவில்லை. பிறகு விளம்பரம், சவர்க்காரம், பால்மா, திரும்பவும் சவர்க்காரம். பிறகு ஒரு சண்டை, பூதம் மாதிரி ஒருவன் குத்துகிறான், குத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி நன்றாகத் தெரிகிறது, ஆனாலும் மற்றவன் மல்லாந்து விழுகிறான், மூன்றாவது நிமிடத்தில் யாரோ பின்னாலிருந்து கதிரையோடு ஓடி வந்து அடிக்க, சண்டை முடிந்தது என்று மணியடித்துவிட்டார்கள். இதே ஆள், இதே கதிரை, போன மாதமும். கந்தப்பன் மாமா திரும்பிப் பார்த்து, என்னாப்பா இது, கொந்தரப்பு வேலையால்ல போச்சு, என்றார், கொழுந்து நிறுவைக்கு முன் ஓடி ஓடி முடிக்கிற வேலை மாதிரி. சரியாகத்தான் சொன்னார். முன்பு இப்படியா இருந்தது? ஜீவராஜ் இருந்த காலத்தில் ஒரு சண்டை இருபது நிமிடம் போகும், ஒருவன் பிடியிலிருந்து மற்றவன் விரல் விரலாக விலகி வருவான், நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம், முடிந்ததும் தரம் போடுவோம், இரண்டு பேரும் தேயிலைத் தொழிற்சாலையில் ஒன்றாகத் தூள் சலித்தவர்கள், அதனால் எங்கள் தரமும் தூளின் தரம்தான், நல்ல சண்டை பி.ஓ.பி., சுமாரானது டஸ்ட், அதற்கும் கீழே ஏலத்துக்கே போகாத கழிவு. கடிதத்திலும் கடைசி வரி அந்தத் தரம்தான். இன்றைக்குக் கழிவு, அதில் சந்தேகமே இல்லை... ஆனால் கழிவு என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை.

அது எப்போது தொடங்கியது, இரண்டாம் வருடக் கடைசியில் என்று நினைக்கிறேன், ஒரு ஞாயிறு மூன்று நிமிடச் சண்டையைப் பத்து என்று எழுதினேன், அவ்வளவுதான், கூடப் போட்ட ஏழு நிமிடத்தில் யாருக்கு என்ன நட்டம், அங்கே நாலு சுவருக்குள் இருக்கிறவனுக்கு வாரத்துக்கு ஒரு நல்ல சண்டை கிடைத்தால் போதாதா. பிறகு தோற்றவனை ஜெயிக்க வைத்தேன். பிறகு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒரு ஆளையே உண்டாக்கினேன், சாம்பல் நிற முகமூடி போட்ட ஒருவன், சாதாரண உயரம், யாரிடமும் பேசமாட்டான், எத்தனை தடவை தூக்கிப் போட்டாலும் எழும்பிவிடுவான். ஏழு மாதமாக அவன் என் கடிதத்தில் மட்டும் சண்டை போடுகிறான். ஜீவராஜுக்கு அவனை நிரம்பப் பிடித்துவிட்டது, ஒவ்வொரு பதிலிலும் கேட்பான், சாம்பல் முகமூடி எப்படிண்ணே, போன வாரம் முதுகுல அடிபட்டதே இப்ப பரவாயில்லையா... எழும்பிவிடுகிற ஒருவன். ஏன் அப்படி ஒருவனை உண்டாக்கினேன் என்று எனக்குத் தெரியாதா என்ன, தேர்த் திருவிழாவில் பக்கத்துத் தோட்டத்துப் பையனை இவன் ஒரே ஒரு தள்ளுத்தான் தள்ளினான், டீவியில் ஞாயிறுதோறும் நூறு தள்ளு பார்த்த கை, அந்தப் பையன் கோயில் படியில் விழுந்தான், எழும்பவில்லை, இவன் பக்கத்தில் குந்திக்கொண்டு எழும்பு, எழும்புடா என்று சொல்லிக்கொண்டே இருந்தான், பொலிஸ் வரும்வரை ஓடவும் இல்லை.

மறுபடியும் விளம்பரம். அம்மா ஹஸ்ஸானுக்குத் தேத்தண்ணி கொடுத்து, எம்மகன் நல்லாருக்கானா தம்பி என்று மூன்றாம் தடவையாகக் கேட்டாள். இருக்காருங்கம்மா என்று அவன் கோப்பையைப் பார்த்துச் சொன்னான். அப்புறம் பேச்சை மாற்றத்தான் போல டீவியைக் காட்டினான்.

“இதத்தான் அங்கயும் போடுவாங்க. ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு, பெரிய ஹோல்ல. ஜீவராஜ் அண்ணன் மொத வரிசையில ஒக்காருவாரு.”

“அங்க டீவி இருக்கா?” என்றேன்.

“ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்குன்னு சொன்னாங்க.” பிறகு சிரித்தான், என்னைக் கேலி செய்ய நினைத்தவனில்லை, கடைக்கார வீட்டுப் பிள்ளை, ஏதாவது கலகலப்பாகச் சொல்ல வேண்டும் என்ற பழக்கம். “உள்ள வர்ற கடிதத்தப் பிரிச்சுப் பாக்குற தமிழ் சேர் ஒருத்தர் அங்க இருக்காரு அண்ணே, அவரும் ரெஸ்லிங் பைத்தியம். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால கேட்டாரு, ஒங்கண்ணன் எந்த நாட்டு டீவியில பாக்குறாரு, இந்த முகமூடிக்காரன் நமக்கு ஒருநாளும் வரலயே என்டு. எல்லாரும் சிரிச்சாங்க. ஜீவராஜ் அண்ணன் மட்டும் சிரிக்கல. எங்க தோட்டத்துக்கு வேற சேனல் வரும் சேர் என்டாரு.”

அம்மா, ஆமா, நம்ம டிஷ்ஷுல எல்லாம் வருமே, என்றாள் பெருமையாக. சுலக்ஷனாவின் கை சுளகில் நின்றது, அவள் என்னைப் பார்த்தாள், நான் கொப்பியைப் பார்த்தேன்... இரண்டு வருடம். அப்படியென்றால் முதல் ஏழு நிமிடத்திலிருந்தே அவனுக்குத் தெரியும். அந்தச் சண்டையை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான், மூன்றே நிமிடம், பிறகு என் கடிதத்தில் பத்து நிமிடத்தையும் வாசித்திருக்கிறான், வாசித்துவிட்டு, வாசிக்கும்போது கண்ணு முன்னால தெரிஞ்சிச்சுண்ணே என்று எழுதியிருக்கிறான். ஏன்? என் மனம் நோகக் கூடாது என்றா? நான் எழுதாமல் விட்டுவிடுவேன் என்றா? அவன் எனக்கு இத்தனை நாளும் எழுதியவை, சாப்பாடு பரவாயில்லை, முட்டி வலி போயிருச்சு, யாரோடயும் சண்டை சச்சரவு இல்ல, ராத்திரி நல்லாத் தூங்குறேன்... அவற்றில் எத்தனை நிமிடம் நிசம், எத்தனை நிமிடம் கூடப் போட்டது? மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும்போது கேட்டிருக்கலாம், ஆனால் அது என்ன பார்ப்பது, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாலு குடும்பம் ஒன்றாகக் கத்தும், அம்மா அழுது முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும், அவன் எங்கே உட்காருகிறான், எங்கே படுக்கிறான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லையே. டீவியில் யாரோ ஜெயித்துவிட்டார்கள், யார் என்று பார்க்கவில்லை. கந்தப்பன் மாமா எழும்பி வேட்டியைத் தட்டிவிட்டு, அடுத்த வாரம் நான் வரமாட்டேன்ப்பா, என்றார், ஒவ்வொரு வாரமும் சொல்வதுதான்.

எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கே எழுதியாக வேண்டும், ஹஸ்ஸான் டவுனுக்குத் திரும்பும்போது தபால் பெட்டியில் போட்டுவிடுவதாகச் சொல்லிக் காத்திருக்கிறான். திகதி, இடம், அன்புள்ள தம்பிக்கு, யார் எங்கே இருந்தார்கள், எல்லாம் ஆயிற்று. ஹஸ்ஸான் பெயரை எழுதும்போதே தெரிந்தது, இந்தப் பெயரைப் பார்த்தவுடன் அவன் விளங்கிக்கொள்வான், அண்ணனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று. இனிச் சாம்பல் முகமூடியை எப்படி எழுப்புவது? ஆகவே பார்த்ததை எழுதினேன். பட்டிக்காரன் பதினொரு நிமிடம் பேசினான். சண்டை மூன்று நிமிடம். குத்து முகத்தில் படவில்லை. கதிரை. மிச்சமெல்லாம் சவர்க்காரம். தரம், கழிவு. இவ்வளவு சுருக்கமாக நான் எழுதியதேயில்லை, பக்கத்தில் பாதி வெறுமையாகக் கிடந்தது, அந்தப் பாதியில்தான் மற்றதை எழுத வேண்டும். லோயர் ஐயா போன் எடுத்தார், என்று எழுதினேன். அடுத்த சொல்லுக்குப் பேனையை வைத்தேன். அப்போதுதான் தோன்றியது, ஒருநாளும் கழிவு என்று எழுதாத அண்ணன் கழிவு என்று எழுதியிருக்கிறான், அதற்குக் கீழே லோயர் என்ற சொல் இருக்கிறது, இதற்குப் பிறகு சொல்வதற்கு என்ன மிச்சம்... அவன் வாசிக்கத் தெரிந்தவன், என்னையும் சேர்த்து. அந்த வரியை அப்படியே விட்டேன். முற்றுப்புள்ளி வைத்தேன். கோழைத்தனமா, பக்குவமா, லோயர் ஐயாவிடம் கேட்டால் அவருக்குத் தெரியுமோ என்னவோ.

கடித உறையை இரண்டு சோற்றுப் பருக்கையால் ஒட்டி, முத்திரை ஒட்டி, ஹஸ்ஸானிடம் கொடுத்தேன், அவன் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினான். ஆட்டோ வளைவு திரும்பும் சத்தம் கேட்டது.

“என்னாடா, இந்த வாரம் சுருக்கா முடிச்சிட்ட?” என்றாள் அம்மா.

“ரெஸ்லிங் நல்லாயில்லம்மா.”

“அத எதுக்கு அவனுக்கு எழுதுன? பாவம், அவன் அங்க கெடக்குறான். நல்லதா ரெண்டு வார்த்த போட்டா என்னா?”

நான் கொப்பியை மூடி வைத்தேன். பதில் வரப் பத்து நாளாகும், அதில் அவன் மேன்முறையீட்டைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டான் என்பது எப்படியோ எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, சாம்பல் முகமூடி எப்படிண்ணே, போன கடிதத்துல காணோமே என்றுதான் எழுதுவான், அப்படி எழுதினால் அவனுக்கு விளங்கவில்லை என்பதா, விளங்கிவிட்டது என்பதா, அதை நான் யாரிடம் போய்க் கேட்பது...