ராஜராணிக்கு ஒரு ஹாம் கூப்பன்

மெஹர் நிஷா பன்றி இறைச்சியைத் தொட்டதே இல்லை. ஆனால் நியூஜெர்சி முழுக்கத் தேடினாலும் அவளைப்போல் அக்கறையாக ஹாம் கூப்பன் வெட்டுகிற ஆள் கிடைக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்ததும் செய்திகளைச் சோபாவில் எறிந்துவிட்டு, நடுவில் சொருகியிருக்கும் வண்ணத் தள்ளுபடித் தாள்களோடு உட்கார்ந்துவிடுவாள். சோப்பு, கார்ன்ஃபிளேக்ஸ் என்றால் கத்தரி சர்ரென்று போகும். ஹாம் படம் வந்தால் மட்டும் கை நிதானமாகிவிடும். அது ராஜராணியின் பையன்களுக்கு.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவள் காமாக்ஷி. பிஸ்கட்டவே ஊரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த பொங்கல் விழாவில் நான்கு பெண்களைப் பிடித்து உட்காரவைத்து, நகைக்கடையில் கொடுத்த சிவப்பு ஜிப் பர்ஸ் ஒன்றைக் காட்டினாள். கூப்பன்களை இதில் போட்டுத் தபாலில் சுற்றவிட வேண்டும். வேண்டியதை எடுத்துக்கொண்டு, எடுத்த அளவுக்கு உன்னிடம் இருப்பதைப் போடு. உள்ளே இருக்கும் சீட்டில் கையெழுத்துப் போடு. மூன்று நாளுக்குள் அடுத்தவளுக்கு அனுப்பு. அவ்வளவுதான் சட்டம்.

ஐந்து பேரில் மூன்று பேர் சைவம், ஒருத்தி முஸ்லிம். அதனால் ஹாம், பேக்கன் கூப்பனெல்லாம் சீந்துவார் இல்லாமல் சுற்றி வந்து ராஜராணி வீட்டில்தான் இறங்கும். அவள் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். வளர்கிற வயதில் இரண்டு பையன்கள். ஒருமுறை அவளே ஃபோன் செய்தாள்.

"மெஹர், உம்மட புண்ணியத்தில என்ர பெடியளுக்கு ஒவ்வொரு நாளும் சாண்ட்விச் நடக்குது. நீர் சாப்பிடாத சாமான், எப்படியப்பா இவ்வளவு வடிவா வெட்டுறீர்?"

அந்த ஒரு வார்த்தையில் மெஹருக்கு ஒரு வாரம் ஓடியது. அவள் நிலைமை அப்படி. கணவர் பசீர் அகமது திங்கள் விடிந்தால் ஒஹையோவுக்கு ப்ளேன் ஏறுவார், வெள்ளி இரவு திரும்புவார். 1999 பிறந்ததும் அதுவும் போயிற்று. இரண்டாயிரம் வந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்ததால், சனி ஞாயிறும் அங்கேயே தங்க ஆரம்பித்துவிட்டார். மெஹருக்கு வேலை பார்க்க விசா இல்லை, ஓட்ட கார் இல்லை, பிள்ளையும் இல்லை. சில நாள் குளித்துத் தலைவாரி உட்கார்ந்த பிறகுதான், இன்று முழுக்க வாயே திறக்கவில்லை என்பது உறைக்கும்.

தபால்பெட்டியில் கிரெடிட் கார்டு விளம்பரங்களுக்கு நடுவே அந்த உறையைப் பார்த்தால்தான் அவளுக்கு உயிர் வரும். மேலே ராஜராணி தன் கையால் விலாசம் எழுதி, ஓரத்தில் தமிழில் 'மெஹருக்கு' என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பாள்.

காமாக்ஷி குடும்பம் டல்லஸுக்குப் போனது. ஒருத்தி வேலைக்குப் போனாள், இன்னொருத்திக்கு மொத்த விலைக் கடையில் உறுப்பினர் கார்டு கிடைத்தது, கூப்பன் தேவைப்படவில்லை. மிச்சம் இரண்டு பேர்தான். பர்ஸ் மெஹரிடமிருந்து ராஜராணிக்கு, ராஜராணியிடமிருந்து மெஹருக்கு. டிசம்பரிலிருந்து உறையின் மேல் கையெழுத்துக்குப் பதில் கம்ப்யூட்டரில் அடித்த லேபிள் வந்தது. பாவம், இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறவள், இது அவளுக்கு வசதிதானே என்று மெஹர் நினைத்துக்கொண்டாள்.

நோன்புப் பெருநாள் அந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே பர்ஸுக்குள் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாள்: 'ராணி அக்கா, 23ஆம் தேதி சனிக்கிழமை மத்தியானம் எங்க வீட்ல பெருநாள் பிரியாணி. பசங்களையும் கூட்டிட்டு வாங்க. பதில் போட வேணாம், வந்தா போதும்.' ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே எப்போதும் குரலைப் பதிவுசெய்யும் மெஷின்தான் எடுக்கும். மெஷினிடம் போய் 'என் வீட்டுக்கு வாங்க' என்று கெஞ்சுவதற்கு அவளுக்கு நா எழவில்லை. ஜிப் கெட்டுப்போயிருந்ததால் வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றிப் பர்ஸின் வாயில் குத்தி அனுப்பினாள்.

வழக்கமாகத் திரும்பிவரும் நாளில் பர்ஸ் வரவில்லை. மெஹருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நேரில் கொண்டுவந்து கொடுக்கத்தான் வைத்திருக்கிறாள்! ஐம்பது சென்ட் கூப்பனுக்காகக் கடைகடையாய் நடக்கிறவள், டாக்சி வைத்து ஹலால் கடைக்குப் போய் ஆறு பேருக்கு ஆட்டுக்கறி வாங்கினாள்.

சனிக்கிழமை பன்னிரண்டுக்கு தம் போட்டாள். ஒரு மணிக்குப் புதுச் சேலை மாற்றினாள். பார்க்கிங்கில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போனாள். மூன்று மணிக்கு, தட்டுகளை எடுத்துவைக்கலாமா என்று தோன்றியதை அடக்கினாள். இருட்டிய பிறகு சமையலறையில் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டாள்.

எட்டு மணிக்குப் பசீர் ஃபோன் செய்தார்.

"என்னம்மா, கெஸ்ட்டெல்லாம் வந்தாங்களா?"

"வந்தாங்க. பசங்க ரெண்டும் நல்லா சாப்பிட்டுச்சு."

"பாத்தியா, நீதான் யாருமே இல்ல யாருமே இல்லன்னு சொல்லிட்டிருந்த. எனக்கு ஏதாவது மிச்சம் வச்சியா?"

"நிறைய இருக்கு. ஃப்ரீசர்ல வச்சிருக்கேன்" என்றாள். அதில் மட்டும் பொய் இல்லை.

திங்கட்கிழமை பர்ஸ் வந்தது. தபால்பெட்டி அருகிலேயே உறையைக் கிழித்தாள். அவள் குத்திய ஊக்கு, குத்திய இடத்திலேயே இருந்தது. திறந்தாள். மேலாக அவள் வைத்த ஹாம் கூப்பன், ஒன்றல்ல மூன்று. பெரிய பையன் ஒரு ஹாம் கூப்பனையாவது விட்டுவைப்பானா? அதன் அடியில் மடித்த மடிப்பு கலையாமல் அவளுடைய சீட்டு. கையெழுத்துச் சீட்டில் கடைசிப் பெயர் அவளுடையதுதான்.

முதலில் வந்தது ஆறுதல். அக்கா வரமாட்டேன் என்று சொல்லவில்லை, பார்க்கவே இல்லை. படி ஏறும்போதுதான் மற்றது விளங்கியது. ராஜராணி இப்போது பர்ஸைத் திறப்பதுகூட இல்லை. வந்த உறையைக் கிழித்து, வேறு உறையில் போட்டு, அடித்து வைத்த லேபிளை ஒட்டித் தள்ளிவிடுகிறாள். நிறுத்திவிடலாம் என்று சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. நல்லவள். அந்த நல்ல மனசை நினைத்துத்தான் மெஹருக்கு அழுகை வந்தது. சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். வீட்டில் கேட்க யாருமில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது, தண்ணீரை மூடினாள்.

முகம் கழுவிவிட்டு மேஜையில் உட்கார்ந்தாள். சீட்டில் 23ஐ அடித்து 30 என்று எழுதினாள். அதை பர்ஸுக்கு வெளியே, பார்த்த கணமே கண்ணில் படும்படி ஊக்கால் குத்தினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி அனுப்பினால் அக்கா படித்தே தீருவாள். படித்த பிறகும் வராவிட்டால்?

ஊக்கைக் கழற்றினாள். சீட்டை மடித்துப் பர்ஸின் அடியில் வைத்தாள். அதன்மேல் நேற்று வெட்டிய புது ஹாம் கூப்பனை, ஓரம் மடங்காமல் பார்த்து வைத்து, பர்ஸின் வாயில் ஊக்கைக் குத்தினாள். தெருமுனைப் பெட்டியில் நாலு மணிக்குத் தபால் எடுப்பார்கள். கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.