சைதுன்னிசாவின் முதல் வரி

சைதுன்னிசா வேதியியலில் பட்டம் வாங்கியவள். பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்த்தாள். யாருக்கும் தெரியாமல் பாட்டு எழுதுவாள். அவளைப் பெற்ற அத்தா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவருக்கென்று ஒரே ஒரு பாட்டு எழுதிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் மனசில் கிடந்தது. பதினொரு தடவை எழுதினாள். நிலா வந்தது, வாடிய மலர் வந்தது, கண்ணீர்க் கடலும் வந்தது. அத்தா வரவில்லை.

கட்டிங் மாஸ்டர் கந்தவேல் சொந்தமாகக் கச்சேரிக் குழு வைத்திருந்தார். கூச்சத்தை விட்டு அவரிடம் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. செத்தது யாருன்னுதான் தெரியலீங்க, அம்மிணி."

அந்தச் சொல் ஒரு வாரம் அவளைத் தூங்கவிடவில்லை.

ஒருநாள் காலை, பனியன்களில் நூல் பிசிறு வெட்டும் மாரக்காள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. மெஷின்கள் நின்றன. மாரக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள் முத்துப்பேச்சி. தெற்கேயிருந்து பிழைக்க வந்தவள், சைதுன்னிசாவின் வயதுதான், கைநாட்டு. அவள் அந்தக் காலி இடத்துக்கு முன்னால் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி எடுத்தாள்.

"பாதி வெட்டுன பனியனு
பலகையில கெடக்குதே – நீ
பாதியில எந்திரிச்சு
எங்க போன மாரக்கா"

சைதுன்னிசாவுக்குக் கூன் விழுந்த முதுகும் கையில் கத்தரியுமாக மாரக்காளே வந்து உட்கார்ந்துவிட்டது போலிருந்தது. இத்தனைக்கும் அந்த வரிகளில் ஊர் அறியாத சொல் ஒன்றுகூட இல்லை.

முத்துப்பேச்சி முகம் கழுவி வரும்வரை காத்திருந்து, இன்னொரு தடவை சொல்லு, எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டாள். பேச்சி அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது பிள்ள. அழுதேன், அம்புட்டுத்தான். உங்கத்தாவுக்கு அழும்போது நீ என்ன சொன்ன?"

சைதுன்னிசா அழவே இல்லை. மய்யித்துக்கு, இறந்தவர் உடலுக்கு, முன் சத்தம் போட்டு அழக்கூடாது என்று வீட்டில் சொன்னார்கள், கேட்டுக்கொண்டாள். குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, கடைசியாக முகம் காட்டியபோது அத்தாவின் புருவத்தில் ஒரு துளி பஞ்சு இருந்தது. அந்தக் கஃபன் துணியில் வைத்த பஞ்சா, முப்பது வருடம் நிட்டிங் மெஷினில் நின்று சேர்த்ததா? துடைக்கக் கை நீட்டினாள். அதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள்.

யோசிக்கும் முன்பே குரல் வந்துவிட்டது.

"குளிப்பாட்டியும் போகலையே அத்தா – உங்க
புருவத்துல ஒட்டுன பஞ்சு"

முத்துப்பேச்சி துக்க வீட்டில் பெண்கள் செய்கிற மாதிரி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தான் கண்ணால் கண்டிராத மனிதருக்காக அடுத்த வரியை எடுத்தாள்.

"தொடைக்க நீட்டுன கை துடிக்குதே – ஒருக்கா
எந்திரிச்சுப் பாருமய்யா"

கை நீட்டியதைச் சைதுன்னிசா யாரிடமும் சொன்னதில்லை. இவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்ற திகைப்பு மாறாமலே, அந்த ஏழு மாதத்தில் முதல் தடவையாக, கம்பெனி முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டு அழுதாள்.