மீரிமின் துப்பாக்கிக் கட்டை

பெய்ஷென் துப்பாக்கியை மடித்துப் பூட்டி, காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ கடகடத்தது.

"கேட்டியா? கிழவன் பல்லு மாதிரி ஆடுது."

எர்மெக் தலையசைத்தான். கோச்கோர் சந்தைக்குப் பின்னால், டயர் கடையை ஒட்டி இருக்கிறது பெய்ஷெனின் பட்டறை. வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். எர்மெக் வேட்டைக்காரன் இல்லை. நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் பார்க்கும் பொறியாளன். துப்பாக்கி அவன் மனைவி மீரிமுடையது. தலைக்குள் வளர்ந்த கட்டியால் போன குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

அவளுடைய பொருள் வேறெதுவும் வீட்டில் இல்லை. உடலைக் கழுவிய பெண்களுக்கு உடுப்புகள் போயின, அதுதான் முறை. குளிர்கோட்டை ஓர் அத்தை வாங்கிக்கொண்டாள். கம்மலை அவள் தங்கை போட்டிருக்கிறாள். யாரும் பிடுங்கவில்லை. எர்மெக்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அப்போது எதைக் கொடுக்கிறோம் என்றே அவனுக்கு உறைக்கவில்லை. கடைசியில் துப்பாக்கியும் அதன் பச்சைப் பையும் மட்டும் மிஞ்சின.

அதற்கும் இப்போது ஆபத்து. செத்தவர் பேரில் துப்பாக்கி இருக்கக் கூடாது, பழுதில்லை என்று காட்டி உன் பேருக்கு மாற்று, இல்லையென்றால் ஒப்படைத்துவிடு என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். ஒப்படைத்தால் அறுத்துப் போடுவார்கள்.

"எப்படியாவது சரி பண்ணிக் குடுங்கண்ணே."

பெய்ஷென் இரட்டைக் குழலைக் கழற்றி, ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, சுத்தியல் பிடியால் தட்டினார். நல்ல குழல் மணி போல நின்று ஒலிக்கும். இது விறகைத் தட்டிய மாதிரி 'டொக்' என்று அடங்கியது. உதட்டைப் பிதுக்கினார். பிறகு கீலைத் துடைத்தவர் குறட்டால் எதையோ கவ்வி இழுத்தார். மெல்லிய தகரத் துண்டு. ஒரு பக்கம் நீலமும் வெள்ளையும்.

"பால் டப்பாத் தகரம். கீல் தேஞ்சு ஆட்டம் குடுத்திருக்கு, இதைச் சொருகி வெச்சிருக்காங்க. யாரு வேலை இது?"

"அவதான் செஞ்சிருப்பா," என்றான் எர்மெக். சமையலறைக் கத்தரி மழுங்கிப்போனதற்காக ஒரு சாயங்காலம் முழுக்க அவன் மீரிமோடு பேசாமல் இருந்திருக்கிறான். எதை வெட்டினாய் என்று கேட்கவே இல்லை.

"கெட்டிக்காரிதான்," என்றார் பெய்ஷென். "ஆனா இதை வெச்சுக்கிட்டுச் சுட்டிருக்காளே. மூஞ்சிக்கு நேரா வெடிச்சிருந்தா?"

"வெடிக்கலையேண்ணே."

பெய்ஷென் தகரத்தை மேசை ஓரத்தில் வைத்தார்.

"சரி பண்ண முடியாதுன்னு சொல்லல. கீல் முளை புதுசாக் கடையணும். பூட்டு மாத்தணும். குழல் உள்ள அரிச்சுக் கெடக்கு, வேற ஜோடி தேடணும். அப்புறம் தோள்ல வெச்சுக்கிற இந்த மரக்கட்டை. இது உனக்குக் குட்டை. சுட்டா உன் கட்டைவிரலே உன் மூக்கை உடைக்கும். உன் கைக்கு ஏத்த மாதிரி வேற கட்டை போட்டாத்தான் ஆகும்."

"இதெல்லாம் மாத்தினா பழசுல என்னண்ணே மிஞ்சும்?"

அவர் யோசித்தார். "விசை. அதுவும் ரெண்டுல ஒண்ணு."

எர்மெக் கழற்றிய குழலைத் தொட்டுப் பார்த்தான்.

"எதைச் சுடப்போறே?"

"எதையும் இல்ல."

"சுடாதவனுக்காக நான் ஒரு துப்பாக்கியைப் புதுசாப் பெத்தெடுக்கணுமா?" என்றவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "தேவையில்லாத செலவு தம்பி. வேற ஆளா இருந்தா காசை வாங்கிக்கிட்டுச் செஞ்சு குடுத்திருப்பேன். டீ குடி."

கட்டையை எர்மெக் கையில் எடுத்தான். வால்நட் மரம். மீரிமின் கன்னம் படிந்த இடம் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. தன் கன்னத்தை அங்கே வைத்துப் பார்த்தான். கழுத்தை எப்படி வளைத்தும் பொருந்தவில்லை.

"இதை மட்டும் நான் வெச்சுக்கலாமா?"

"மரத்துக்கு எவன் லைசென்ஸ் கேக்கப் போறான்? வா, இரும்பை நாம ரெண்டு பேருமாப் போய்க் குடுத்துட்டு வந்துடுவோம்."

காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தார்கள். கட்டையைப் பச்சைப் பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எர்மெக் வேன் ஏறினான். ஊர்ப் பாதை பிரியும் இடத்தில் இறங்கி நடந்தான்.

மீரிமும் வாத்து சுட்டுவிட்டு நீர்த்தேக்கத்திலிருந்து இதே பாதையில்தான் வருவாள். வேட்டை முடிந்து வருகிறவர்களை வழிமறித்து 'ஷிரால்கா' என்று யார் சொன்னாலும் பங்கு கொடுத்தாக வேண்டும். அவளை ஊரே வழிமறிக்கும். சிலர் விளையாட்டுக்குச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கும் கொடுப்பாள். வீட்டு வாசலில் வந்து நின்று, எங்கே வாத்து என்று அவன் கேட்டால், இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவாள்.

மேட்டுக்கு மேல் ஓர் ஆட்டுக்கூட்டம் தெரிந்தது. பின்னால் ஒரு குதிரை.

"ஷிரால்கா," என்று ஒரு குரல் உற்சாகமாக வந்தது.

எர்மெக் நின்றான். அது மீரிமின் அப்பா ஷாமுரத். கண்ணில் புரை விழுந்து, பக்கத்தில் வந்தால்தான் அவருக்கு ஆள் தெரியும்.

"நான்தான் மாமா. எர்மெக்."

கிழவர் குதிரையிலிருந்து இறங்க நேரமானது.

"பச்சையா பை தெரிஞ்சுது. வாய் தன்னாலச் சொல்லிடுச்சு." கடிவாளத்தைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "நீ போப்பா. நீ என்ன வேட்டைக்கா போயிட்டு வரே? உன் கையில துப்பாக்கியப் பாத்தா வாத்தெல்லாம் கரையேறி வந்து வேடிக்கை பாக்கும்."

வழக்கமாக இந்தக் கேலியைச் சொன்னதும் அவர் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை.

"பையில என்ன?"

"கட்டை மாமா. மத்ததை ஒப்படைச்சிட்டேன்."

"சரி பண்ண முடியாதுன்னுட்டானா பெய்ஷென்?"

"பண்ணலாம்னார். பண்ணினா அது அவளோடதா இருக்காது."

ஆடுகள் இருவரையும் உரசிக்கொண்டு இறங்கிப் போயின.

"சரிதான்," என்றார் ஷாமுரத். "நான் ஷிரால்கான்னு சொன்னதைக் கணக்குல எடுத்துக்காதே. அது உன் வீட்டுல இருக்கட்டும்."

ஆனால் அவர் கை பையின் மேல் வந்து நின்றிருந்தது. எடுக்க மறந்துவிட்டார் போல. எர்மெக் அந்தக் கையைப் பார்த்தான். சரி மாமா என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். பாதை காலியாகத்தான் இருந்தது.

பையைக் கழற்றி அவர் தோளில் மாட்டினான்.

"உங்க பங்கு."

"பங்குன்னா கொஞ்சம்தான்டா. இது முழுசு."

"அறுக்க முடியாதே மாமா."

கிழவர் கட்டையை வெளியே எடுத்து அதன் அடியைத் தடவினார். "ரெண்டு விரல் அகலம் வெட்டினேன். அப்ப அவ சின்னப் பொண்ணு. வளந்ததும் ஒட்டித் தரேன்னேன். வேணாம்ப்பா, பழகிடுச்சுன்னுட்டா." மின்னும் இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டார். அப்படியே நின்றார். குதிரை புல்லைத் தேடி நகர்ந்தது.

எர்மெக் ஊருக்குள் இறங்கினான். தகரத் துண்டைப் பெய்ஷெனின் மேசையிலேயே விட்டுவிட்டது பாதி வழியில் நினைவுக்கு வந்தது. இதற்குள் அவர் பெருக்கித் தள்ளியிருப்பார்.

வீட்டு வாசலில் பூட்டைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றான். இரண்டு கைகளும் காலியாக இருந்தன. எங்கே என்று கேட்க ஆள் இல்லை.