சமையலறை வாசலில் எழுந்த சுவர்

மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் இருக்கும் பீர் முஹம்மது வீட்டில், மருமகள்களில் இருவர் சமையலறைக்குள் சேர்ந்து சிரித்தால் வாசல் சுவராகிவிடும். சிரிப்பு அடங்கியதும் பழையபடி வாசல் வந்துவிடும். மூன்றாம் மருமகள் தூபா பாலவாக்கத்திலிருந்து வாழ வந்த மாதம்தான் இது தெரியவந்தது. காலி டீ கிளாஸ்களோடு போன மூத்தவள் ஜஹீதா, சுண்ணாம்பு பூசிய சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டாள். மாமனார் கொத்தனார் அய்யாதுரையை அழைத்துவந்தார். அவர் கரண்டியால் தட்டிப் பார்த்து, "நூறு வருசத்து செவுரு மாரி கீது பாய், இடிச்சா பாவம்" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

சுவர் கிடக்கட்டும், உள்ளே தூபாவோடு சிரித்தது நாஸியா. அதுதான் ஜஹீதாவின் வயிற்றெரிச்சல். ஏழு வருடமாக அந்த நடு மருமகளின் சிரிப்பு ஜஹீதாவுக்கே சொந்தம். மாவு பிசைந்த கையாலேயே தோளில் அடித்து, கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். நேற்று பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் அதைச் சுருட்டிக்கொண்டுவிட்டது. சுவர் மறைந்ததும் ஜஹீதா கேட்பாள்: "இன்னாடி அப்படி சிரிப்பு?" "ஒண்ணுமில்ல பாபி" என்பாள் நாஸியா, உதடு இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். ஜஹீதாவுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் தானும் உள்ளேயே இருந்துகொண்டு, காரணம் தெரியாமலே அவர்களோடு சேர்ந்து சிரித்துப் பார்த்தாள். இருவரும் சட்டென்று நிறுத்தி அவளையே பார்த்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை தூபா துணி எடுக்க மாடிக்குப் போனாள். ஜஹீதா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, கரண்டியைக் காதில் வைத்து, தூபா தன் தாயிடம் போனில் சிணுங்குவதை நடித்துக் காட்டினாள். "அம்மீ, இங்க இட்லிகூட கல்லு மாரி கீது அம்மீ!" நாஸியா வெடித்துச் சிரித்தாள். மாவுக் கை தோளில் விழுந்தது. ஜஹீதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் வாசலைப் பார்த்தாள். உள்ளிருந்து பார்க்க அது திறந்துதான் கிடந்தது, கூடத்து மின்விசிறிகூடத் தெரிந்தது. எத்தனை நேரமாகக் கூப்பிடுவது என்று, படுக்கையில் கிடந்த மாமியார் சாகும்வரை தன்னையும் நாஸியாவையும் கோபித்துக்கொண்டது ஏன் என்று இப்போது புரிந்தது. எங்கிருந்தோ மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது. "பாபி... பாபி..." என்றது தூபாவின் குரல். ஜஹீதா கரண்டியை மறுபடி காதில் வைத்து, இன்னொரு அம்மீ போட்டாள்.

இப்போது மாமனார் அந்த வாசலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார். மூவரில் யார் வெளியே மாட்டிக்கொண்டாலும், அதில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள்.